நாலே முக்காலுக்குக் கெட்டுப்போகும் இயந்திரங்கள்

ஜனவரி 6, சனி

இன்று தொடங்கி இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையைப் பூமியில் பிறந்த ஒருவரும் நம்பப் போவதில்லை. பீளமேட்டைத் தாண்டிப் போகும் அத்தனை பேருந்துகள் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். நம்பாதவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை.

நான் நாச்சிமுத்து, வயது ஐம்பத்து நான்கு. கணபதியில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் பராமரிப்பு மேலாளர். அங்குள்ள இயந்திரங்கள் காலையில் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஓடத் தொடங்கும். நான் லீவு போட்டால் அவை சாப்பிடுவதில்லை. இத்தனை பொறுப்புக்கு நடுவில் சனி, ஞாயிறு வகுப்புகளில் தொழில்நுட்ப மேலாண்மை முதுகலை படிக்கிறேன். இது கடைசிப் பருவம். வகுப்பில் இருபத்தாறு பேர். மற்ற இருபத்தைந்து பேரின் வயதையும் கூட்டினால் என் வயதுக்குக் கொஞ்சம் குறையும். சேர்ந்த அன்று நான் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து வணக்கம் சொன்னது. பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். நன்றாகப் போனது.

அந்த இருபத்தைந்தில் ஒருத்தி என் அக்கா மகள் மோனிஷா. மென்பொருள் கம்பெனியில் வேலை. துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை இதில் சேர்த்துவிட்டதே அவள்தான். இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை. நான் பேச்சுக் கொடுத்துப் பாடத்தைக் கெடுக்கிறேனாம்.

இந்தப் பருவம் முழுக்க ப்ராஜெக்ட்தான். மார்ச் 16 வைவா. தேறிவிட்டால் மே மாதம் மாமனும் மருமகளும் ஒரே மேடையில் கறுப்பு அங்கியோடு நிற்போம். அக்கா இப்போதே பட்டுச்சேலை எடுத்துவிட்டாள். கல்லூரி கொடுத்த ப்ராஜெக்ட் டைரியில் நாளுக்கு இரண்டு வரி, இங்கிலீஷில் எழுத வேண்டும். இரண்டு வரிக்குள் என்னை அடைக்க முடியுமா? மிச்சம் இங்கே.

ஜனவரி 8, திங்கள்

ப்ராஜெக்டைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

எங்கள் வைண்டிங் பிரிவில் முப்பத்தெட்டுப் பெண்கள் செப்புக் கம்பி சுற்றி மோட்டாருக்கு உயிர் கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் ஓர் இயந்திரம் நின்றுபோனால் யாராவது எழுந்து போய் மெக்கானிக்கைத் தேட வேண்டும். அவர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் நான் நடுத்தூணில் ஒரு டேப்லெட்டை மாட்டினேன். பழுது என்றால் அதில் பதிய வேண்டும், மெக்கானிக் கையிலிருக்கும் போன் மணியடிக்கும். அவர் வந்து சேர்ந்ததும் அந்த நேரத்தையும் தட்ட வேண்டும். எந்த இயந்திரம், என்ன பழுது, எத்தனை மணிக்கு, சத்தமா, சூடா, இதற்கு முன் எப்போது வந்தது என்று பதினோரு கேள்விகள். பதினொன்றும் நானே யோசித்தவை. பன்னிரண்டாவது ஒன்றும் இருந்தது. அடக்கம் கருதி விட்டுவிட்டேன்.

பலன்: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பழுதுகள் டேப்லெட்டில் பதிவாகின்றன. மெக்கானிக் வந்து சேரச் சராசரி 5.8 நிமிடம். நாற்பது ஐந்தே முக்காலாகிவிட்டது. இந்த எண்ணை முதலில் பார்த்தபோது கம்பெனியில் ஒரு விநாடி கரண்ட் நின்று எனக்கு மரியாதை செலுத்தியது. ஆட்கள் புதுக் கருவியை எப்படி மனதார ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் என் ஆய்வு. சின்ன முதலாளி கௌதம் என் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார். அது வந்ததும் அன்னூர், கருமத்தம்பட்டி யூனிட்டுகளுக்கும் இதே டேப்லெட், இதே பதினோரு கேள்வி.

ஜனவரி 13, சனி

என் வழிகாட்டி டாக்டர் ஃபிலோமினா. என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். நான் பேசும்போது பேனாவை மூடி வைத்துவிடுவார், பேசி முடித்ததும் திறப்பார். எண்கள் இருந்தால் போதாது, ஆட்களையும் கேட்க வேண்டும் என்றார். இருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். "சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை" முதல் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" வரை. படிவங்களை நான் கையால் கொடுக்கக் கூடாது, வெளியாள் யாராவது கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். என் மனைவி ருக்குமணி குக்கரில் வைத்தாள். பொங்கவில்லை, மூன்று விசில் வந்தது. மூன்றுக்கும் சேர்த்துக் குலவையிட்டேன்.

ஜனவரி 18, வியாழன்

படிவங்களை நானே கொடுத்தேன். வெளியாளை எங்கே போய்த் தேடுவது? தேநீர் இடைவேளையில் உள்ளே போய், புலி ஒன்று நம் கம்பெனியில் வேலை கேட்டு வந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு நீட்டினேன். மரகதம் வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள். பதினெட்டு வருடமாக வைண்டிங்கில் இருப்பவள். அவள் தும்மினால் மற்ற முப்பத்தேழு பேரும் கைக்குட்டை எடுப்பார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. உலக ஆராய்ச்சி வரலாற்றில் இப்படி ஒரு வேகம் கிடையாது.

ஜனவரி 20, சனி

நூலகத்தில் மோனிஷாவோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எல்லாம் ஐந்து. முப்பத்தெட்டுப் பேர், இருபது வாக்கியம், எல்லாம் ஐந்து. நான் எழுந்து நூலகத்துக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

ஃபிலோமினா மேடம் பார்த்தார். ஏழாவது வாக்கியம், "இந்தக் கருவி பயன்படுத்த எளிது." முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பதினான்காவது, "இந்தக் கருவியால் எனக்குத் தலைவலி வருகிறது." அதையும் முப்பத்தெட்டுப் பேர் முழுமையாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். படிக்காமல் டிக் அடிப்பவர்களைப் பிடிக்கவே இப்படி ஒன்றிரண்டு தலைகீழ் வாக்கியங்களை நடுவில் வைப்பார்களாம். பாடத்தில் வந்ததுதான். அன்று நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

படிவத்தை யார் கொடுத்தது என்று கேட்டார். எளிய தலைவலி என்று ஒரு வகை உண்டு, எங்கள் பக்கத்தில் அதை விரும்பிச் செய்துகொள்வார்கள் என்று விளக்கினேன். பேனா மூடியே இருந்தது.

"அவங்க கேள்விக்குப் பதில் சொல்லல சார். உங்களுக்குப் பதில் சொல்லியிருக்காங்க" என்றார்.

படிவங்களைத் தூக்கி வைத்துவிட்டு டேப்லெட்டுக்குள் இருக்கும் பதிவுகளையே ஆராயச் சொன்னார். இயந்திரத்துக்கு மரியாதை தெரியாது, உள்ளதைச் சொல்லும் என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஜனவரி 26, வெள்ளி

விடுமுறை. வீட்டு மிக்ஸி மூன்று வாரமாக ஓடவில்லை. பராமரிப்பு மேலாளரின் மிக்ஸி. ருக்குமணி அம்மியை வெளியே எடுத்து எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மோனிஷா வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தாள். ஒன்பது மாதத்தில் ஆயிரத்து இருநூற்று ஆறு பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் பழுதுக்கு இரண்டு நேரம் இருக்கும். பழுது எத்தனை மணிக்கு வந்தது என்று ஆள் தட்டுவது ஒன்று. எத்தனை மணிக்குத் தட்டினார்கள் என்று டேப்லெட் யாரையும் கேட்காமல் தானாகக் குறித்துக்கொள்வது இன்னொன்று. நான் இதுவரை முதல் நேரத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அவள் இரண்டாவதைப் படமாகப் போட்டாள். காலை முழுக்கப் பொட்டல் காடு. சாயங்காலம் மட்டும் ஒரு கோபுரம்.

"மாமா, உங்க கம்பெனியில மெஷினெல்லாம் நாலே முக்காலுக்குத்தான் கெட்டுப்போகுமா?"

ஆயிரத்து நூற்று எழுபத்தொன்று பதிவுகள் நாலு நாற்பதுக்கும் ஐந்துக்கும் நடுவில். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடியும். மிச்சம் முப்பத்தைந்தும் நான் சோதனைக்காகத் தட்டியவை.

நான் உடனே விளக்கினேன். பகலெல்லாம் உழைத்த இரும்பு மாலையில்தான் சோர்ந்துபோகும், மேற்குச் சுவர் வழியாக வெயில் வரும், டேப்லெட்டின் கடிகாரம் சீன நாட்டு நேரத்தில் ஓடும். பத்து காரணம் சொன்னேன். வழக்கமாக மூன்றாவதிலேயே எதிர்த்துப் பேசுவாள். இன்று "சரிங்க மாமா" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள்.

பிப்ரவரி 5, திங்கள்

வைண்டிங் பக்கம் போகவில்லை. வேறு வேலை இருந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்றும்.

பிப்ரவரி 7, புதன்

காலை பத்தரைக்குப் போனேன். எப்போதும் முன்வாசல் வழியாக, சத்தமாகப் பேசிக்கொண்டுதான் நுழைவேன். இன்று ஸ்டோர் ரூம் வழியாகப் பின்பக்கம் வந்தேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

இயந்திரங்களின் பின்பக்கம் பச்சை பெயின்ட் அடித்த தகடு. அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது. ஒன்பதாம் எண்ணில் "சூடு". பதினேழில் "கம்பி அறுது". இருபத்திரண்டில் வெறும் "ஙொய்". மெக்கானிக் செல்வன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் காய் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தகடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினேழில் நின்றார், சரிசெய்தார், எழுத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். அவர் பாக்கெட்டில் இருந்த போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. நடுத்தூணில் டேப்லெட்டுக்கு யாரோ துணியால் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். தூசி படாமல் இருக்க. அழகான பூப்போட்ட துணி.

பிப்ரவரி 8, வியாழன்

மரகதத்தை அறைக்குக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே "பார்த்துட்டீங்களாங்ணா" என்றாள்.

வார்னிஷும் மெழுகும் ஒட்டிய விரலை அந்தத் திரை ஏற்றுக்கொள்வதில்லை. கை கழுவிவிட்டு வந்து பதினோரு கேள்விக்கும் பதில் சொல்வதற்குள் பக்கத்து இயந்திரத்தில் வேலை தேங்கிவிடும். முதல் வாரத்திலேயே சாக்பீஸுக்கு மாறிவிட்டார்கள். சாயங்காலம் கை கழுவிய பிறகு இவள் மட்டும் உட்கார்ந்து அன்றைய பழுதை எல்லாம் மொத்தமாகத் தட்டிவிடுவாள். ஒன்பது மாதமாக.

முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னமுங்ணா. டீ டைம்ல வந்தப்ப நாலு பேருமாச் சேர்ந்து சொன்னோம். அதுக்கு நீங்க ஒரு கதை சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் பெல் அடிச்சிருச்சு."

எந்தக் கதை என்று நினைவில்லை. நல்ல கதையாகத்தான் இருந்திருக்கும்.

மெக்கானிக் வந்த நேரத்தை எதை வைத்துத் தட்டினாய் என்று கேட்டேன். குத்துமதிப்புதான் என்றாள். "எல்லாத்துக்கும் ஆறு நிமிசம்னு போட்டா சந்தேகம் வருமுங்களே. அதான் நாலு, ஏழு, அஞ்சுன்னு மாத்தி மாத்திப் போட்டனுங்."

"எதுக்கு மரகதம்?"

"நீங்க இந்த வயசுல பரீச்சை எழுதறீங்க. எங்களால கெட்டுப்போச்சுன்னு ஒரு பேச்சு வரக் கூடாதுல்லீங்."

கதவு வரை போய்விட்டுத் திரும்பி, பொய்ப் பதிவுக்கு மெமோ உண்டா என்று கேட்டாள். உண்டு. கம்பெனி விதிமுறையில் அதை எழுதிச் சேர்த்தவனே நான்தான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிப்ரவரி 10, சனி

காய்ச்சல் என்று ஃபிலோமினா மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். நூற்று எட்டு டிகிரி. அனுப்பிய பிறகு நூற்றிரண்டு என்று திருத்தி இன்னொன்று அனுப்பினேன்.

பிப்ரவரி 21, புதன்

பத்து நாளாகக் கைக்கடிகாரமும் கையுமாக ஸ்டோர் ரூம் வாசலில் நிற்கிறேன். சாக்பீஸால் எழுதியதிலிருந்து செல்வன் வந்து நிற்கும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்கிறேன். இதுவரை நாற்பத்தாறு பழுது. சராசரி பதினேழு நிமிடம்.

பதினேழு. நாற்பதுக்கு இது எவ்வளவோ மேல். 5.8 பக்கத்தில் வைத்தால் பரிதாபமாக இருக்கிறது. பதினேழை யாரிடம் போய்ப் பெருமையாகச் சொல்வது?

பிப்ரவரி 24, சனி

கல்லூரி கேன்டீனில் மோனிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறிப்போகும் வரை கேட்டாள். ரிப்போர்ட்டை இருக்கிறபடி கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டு எழுதினாள். தொழில்நுட்ப மேலாண்மை படிக்கிற பிள்ளை, எதற்கும் கோடு போடும். நான் தேறிவிடுவேன், மே மாதம் மேடை, அக்காவுக்குப் பட்டுச்சேலை. மரகதத்துக்கு மெமோ இல்லை. ஆனால் அன்னூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் பதினோரு கேள்வி போய்ச் சேரும். அங்கே உட்கார்ந்து தட்டிவிட ஒரு மரகதம் இருக்கமாட்டாள். திரை விரலை ஏற்காது, பழுது பதிவாகாது, பழி அங்கே வேலை செய்கிறவர்கள் தலையில் விழும்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே வரிதான் எழுதினாள்: மே மாதம் மேடை இல்லை. பிறகு நிமிர்ந்து பார்த்து, "உங்க பிரச்சினையே வேற மாமா. நீங்க சொன்னா யாரும் நம்பமாட்டாங்க" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

சின்ன முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். உள்ளே போனதும் வாய் வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டது. வைண்டிங்கில் ஒரு ஆவி இருக்கிறது, சரியாக நாலே முக்காலுக்கு வந்து டேப்லெட்டில் தட்டிவிட்டுப் போகிறது, நல்ல கையெழுத்து என்றேன். "உங்க குசும்பு இருக்குதே நாச்சியண்ணா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். வைவாவுக்குக் கம்பெனி சார்பில் தானே வருவதாகவும் சொன்னார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றுதான் படியிறங்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, திங்கள்

மிக்ஸி சரிசெய்தேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. ருக்குமணி அம்மியை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

மார்ச் 16, சனி

வைவா.

எப்படி எழுதுவது? கல்லூரிக்கு வெளியே அவிநாசி சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். உள்ளே பதினெட்டுப் பேராசிரியர்கள், மூன்று துணைவேந்தர்கள், ஒருவர் ஹெலிகாப்டரில் வந்தவர். நான் மேடையேறியபோது மொட்டை மாடியில் ஏழு மயில்கள் அகவின. முதல் ஐந்து படங்களைக் காட்டி முடிப்பதற்குள் கைதட்டலில் இரண்டு டியூப்லைட் விழுந்தது. ஆறாவது படம் 5.8. அதன் முன்னால் நின்று, "இந்த எண் பொய்ங்க" என்றேன். அப்படியே இன்னொரு தடவையும் சொன்னேன். அரங்கம் மூச்சுவிட மறந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மயங்கி விழ, நானே தண்ணீர் தெளித்து எழுப்பினேன். "யார் தட்டியது?" என்று சின்ன முதலாளி இடிபோல் முழங்கினார். "பதினோரு கேள்வியையும் எழுதினது நான். தட்டினவங்க பேர் என் ரிப்போர்ட்டுல இல்லீங்" என்று நான் அதைவிடப் பெரிய இடியாக முழங்கினேன். பிறகு பதினேழு நிமிடக் கணக்கையும் சாக்பீஸ் தகடுகளின் படத்தையும் காட்டினேன். துணைவேந்தர்கள் மூவரும் கண்ணீர் விட்டார்கள். ஹெலிகாப்டர்காரர் அதிகமாக விட்டார்.

மார்ச் 18, திங்கள்

நேற்று மோனிஷா இந்த நோட்டைப் படித்துவிட்டாள். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கமாவது எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே மயிலை நம்ப ஆரம்பித்துவிடுவீர்கள் என்றாள். எழுதுகிறேன்.

அறை எண் 204. ஒரு நீள மேசை, நான்கு நாற்காலி. ஃபிலோமினா மேடம், வெளியூர்த் தேர்வாளர் ஒருவர், சின்ன முதலாளி. நான்காவதில் தேர்வாளரின் பை. ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டது. பேரிங் போயிருக்கும். யாரும் கைதட்டவில்லை, யாரும் மயங்கவில்லை. சின்ன முதலாளி முழங்கவில்லை. யார் தட்டியது என்று மெதுவாகத்தான் கேட்டார், நானும் மெதுவாகத்தான் பதில் சொன்னேன். பிறகு அன்னூர் டேப்லெட்டுகளை இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம் என்று மேடத்திடம் சொன்னார். மெமோ பற்றிப் பேச்சு வரவில்லை.

தேர்வாளர், இது வேறு ஆய்வு, இந்த ரிப்போர்ட்டை வைத்து மதிப்பெண் போட முடியாது என்றார். ஆறு மாதம் நீட்டிப்பு. சாக்பீஸைப் பற்றி முதலிலிருந்து எழுத வேண்டும். மே மாதம் மோனிஷா தனியாகத்தான் மேடையேறுவாள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவேன்.

இன்று காலை வைண்டிங்குக்குப் போனேன். மரகதம் கம்பியை விட்டுவிட்டு எழுந்து வந்து, "பாஸுங்களாண்ணா?" என்றாள். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்றேன். அவள் முகம் மாறியது. உங்கள் யாராலும் இல்லை, நான் கேட்ட கேள்விகள் அதிகம் என்றேன். பதினொன்றில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். ஒன்றுமே வேண்டாங்ணா என்றாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே துணைவேந்தர்கள் பொய், ஹெலிகாப்டர் பொய், மயில் பொய், டியூப்லைட் பொய். காய்ச்சல்கூடப் பொய். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் எழுதியபடியே நடந்தது. அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை சொன்னபோது மூன்று பேரும் சிரித்தார்கள். மேடம்கூடச் சிரித்தார். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நின்றேன். வாயில் ஒரு கதை வந்தது, நல்ல கதைதான். அதை விழுங்கிவிட்டு, "இந்த எண் பொய்ங்க" என்று மறுபடியும் சொன்னேன்.